வேலைக்குப் போற தங்கச்சி

(திருப்புட்குழியில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் செயற்குழு சார்பாகப் பேசியது. அன்றைக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



கடன் வசூலும் தணிக்கையும் வழக்கம்போலக் கடைசியில் வரும். அதுக்குப் பயந்து யாரும் எழுந்து போயிடாதீங்க. அதற்கு முன்னால் இன்றைக்கு நாம் பேசப் போவது சீனா நாட்டைப் பற்றி. "ரேஷன் கடையில பருப்பு எப்ப வரும்னு கேட்டாலே பதில் இல்லை, சீனாவைப் பத்திப் பேசி என்ன ஆகப்போகுது அக்கா?" என்று முன்வரிசையில் ஒரு சகோதரி கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அதற்குக் காரணம் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறோம்.

போன மாதம் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். சேமிப்பு கட்டி, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தபின் ஒரு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா. கம்பெனிக்கு ஆள் எடுக்க ஊருக்கே வந்திருக்காங்க. ஹாஸ்டல் இருக்கு, சாப்பாடு போடறோம், மாசம் சம்பளம் பேங்குல போட்டுடுவோம்னு சொல்றாங்க. அவங்க அப்பா வேணாங்கறாரு. பொண்ணு போறேங்கறா. நான் என்னம்மா சொல்றது?"

எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அனுப்புங்க என்று சொல்லிவிட்டு நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் யார் பொறுப்பு? வேண்டாம் என்று சொன்னால், அந்தப் பெண்ணின் கையில் வர வேண்டிய முதல் சம்பளத்தை நாமே தடுத்த மாதிரி ஆகாதா? விடியற்காலையில் பாலுசெட்டி சத்திரம் ரோட்டில் போய் நின்று பாருங்கள். கம்பெனி பஸ் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். சன்னல் ஓரத்தில் தூங்கி விழுந்துகொண்டு போவதெல்லாம் நம்ம பொண்ணுங்கதான். உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்திருக்கிற சகோதரிகளுக்கும் ஒரகடம் பஸ் தெரியாமல் இருக்காது.

இதே கேள்வியை நாற்பது வருஷத்துக்கு முன்னால் சீனாவின் கிராமத்துத் தாய்மார்கள் கேட்டார்கள். அவர்களுக்கு முன்னால் போனவர்கள் யாரும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நமக்கு அவர்களுடைய கதை இருக்கிறது. அதனால்தான் சீனா.

சீனா நமக்கு ஒன்றும் புதுசு இல்லை, நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. தெற்கத்திப் பக்கம் சர்க்கரையைச் சீனி என்பார்கள். தாளிக்கிறது சீனச்சட்டி. படிகாரத்துக்குப் பாட்டிமார் சொல்லும் பெயர் சீனாக்காரம். தீபாவளிக்குப் பிள்ளைகள் கேட்பது சீனவெடி. நம் காஞ்சிபுரம் பேர் வாங்கிய பட்டே முதன்முதலில் பிறந்தது சீனாவில்தான். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் என்கிற சீனப் பயணி காஞ்சிபுரத்துக்கு வந்து, பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரத்துக்கு வந்தபோது ரோட்டை எல்லாம் பளபளவென்று ஆக்கினார்களே, அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது பெரியவர்கள் சமாச்சாரம். நாம் அந்த ஊர்ப் பெண்களின் சமாச்சாரத்துக்கு வருவோம்.

1978-க்குப் பிறகு சீன அரசாங்கம் பழைய பொருளாதாரத் திட்டத்தை மாற்றி வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்தது. 1980-ல் ஹாங்காங்கை ஒட்டியிருந்த ஷென்ஜென் என்ற இடத்தைச் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்தார்கள். அன்றைக்கு அது வயலும் மீன்பிடிக் கிராமங்களும் இருந்த பகுதி. 2020 கணக்கெடுப்பில் அங்கே ஒரு கோடியே எழுபது லட்சம் பேருக்கு மேல். நாற்பதே வருஷத்தில் இப்படி ஆனது. பொம்மை, செருப்பு, துணி, ரேடியோ, அப்புறம் செல்போன், கம்ப்யூட்டர் என்று உலகத்துக்கே அங்கிருந்து போனது.

அதைச் செய்த கைகள் யாருடையவை? தூரத்து மாகாணங்களிலிருந்து ரயில் ஏறி வந்த பதினேழு, பதினெட்டு வயசுக் கிராமத்துப் பெண்கள். கண்ணு கூர்மை, விரல் சின்னது, எதிர்த்துப் பேச மாட்டாங்க என்று முதலாளிகள் அவர்களைத்தான் தேடினார்கள். இந்தக் காரணத்தை நீங்களும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குமே! அந்தப் பெண்களுக்குச் சீன மொழியில் ஒரு பெயர் வந்தது: டகோங்மெய். டகோங் என்றால் ஒருத்தருக்குக் கீழே கூலிக்கு வேலை செய்வது. மெய் என்றால் தங்கச்சி. வேலைக்குப் போற தங்கச்சி. பெயரைக் கேட்டதும் எங்களுக்கு அந்தப் பெண்கள் வேற்று நாட்டார் என்ற எண்ணமே போய்விட்டது.

அவர்களுக்குக் கிடைத்ததை முதலில் சொல்ல வேண்டும். நிறைய பேர் கஷ்டத்தை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள், அது சரியில்லை. ஊரில் இருந்தால் அப்பா வயலில் கூலி இல்லாத வேலை, அப்புறம் யாரோ பார்த்து வைத்த மாப்பிள்ளை. ஷென்ஜென் போன பெண்ணுக்குச் சொந்தப் பணம் கையில் வந்தது. அவள் அனுப்பிய பணத்தில் ஊரில் ஓட்டுவீடு மாடிவீடு ஆச்சு, தம்பி படிச்சான். தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லும் தைரியம் வந்தது. ராத்திரி கம்ப்யூட்டர் வகுப்பு, இங்கிலீஷ் வகுப்பு என்று போய் லைன் வேலையிலிருந்து ஆபீஸ் வேலைக்கு ஏறினவர்களும் உண்டு. இன்றைக்குச் சீனாவில் ஊரை விட்டு வெளியே போய் உழைக்கிறவர்களையும், ஊருக்கு அருகிலேயே விவசாயத்தை விட்டு வேற வேலைக்குப் போகிற கிராமத்தாரையும் சேர்த்தால் ஆணும் பெண்ணுமாகக் கிட்டத்தட்ட 30 கோடி பேர். கட்டாயப்படுத்தி மட்டும் இத்தனை பேரை ஓட்டிக்கொண்டு போக முடியாது. போக வேண்டும் என்று அவர்களே நினைத்தார்கள்.

இனி அவர்கள் கொடுத்த விலை.

சீனாவில் ஹூகோ என்று ஒரு குடும்பப் பதிவு முறை உண்டு. 1958-லிருந்து இருக்கிறது. நம்ம ரேஷன் கார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அரிசி சர்க்கரையோடு நிற்காது. பிள்ளை எந்த ஊர் அரசுப் பள்ளியில் சேரலாம், எந்த ஊரில் வைத்தியச் சலுகை என்பதெல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்தது. கிராமத்துப் பதிவு உள்ள பெண் பட்டணத்தில் பத்து வருஷம் உழைத்தாலும் அவள் பிள்ளைக்கு அங்கே பள்ளியில் இடம் கிடைப்பது கஷ்டம். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வருகிறார்கள் என்றாலும் பெரிய பட்டணங்களில் இன்னும் சுலபமில்லை. அதனால் என்ன ஆனது? பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அப்பாவோ அம்மாவோ, இல்லை ரெண்டு பேருமோ வெளியூரில் இருக்க, கிராமத்தில் விடப்பட்ட பிள்ளைகள் 6 கோடியே 10 லட்சம் பேர் என்று, 2010 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, சீனாவின் மகளிர் கூட்டமைப்பே 2013-ல் அறிக்கை கொடுத்தது. ஆறு கோடிக் குழந்தைகள்! வருஷத்துக்கு ஒரு முறை, சீனப் புத்தாண்டுக்கு, கோடிக்கணக்கான பேர் ரயிலில் நெருக்கியடித்து ஊருக்குப் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மூன்று வயசுப் பிள்ளை "யாரு இந்த ஆன்ட்டி?" என்று பாட்டியின் பின்னால் ஒளிந்துகொள்ளும்போது அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்?

1993 நவம்பர் 19. ஷென்ஜெனில் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. சன்னல்களுக்குக் கம்பி, கதவுகளுக்குப் பூட்டு. வேலை நேரத்தில் பெண்கள் வெளியே போகக்கூடாது, பொம்மையைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். 87 பேர் செத்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே கிராமத்துப் பெண்கள். அடுத்த வருஷம் சீனாவில் தொழிலாளர் சட்டம் வந்தது. நம்ம கும்பகோணத்துப் பள்ளிக்கூடத் தீ 2004-ல் நடந்த பிறகுதானே இங்கேயும் கூரைப் பள்ளிகளைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். எந்த நாடாக இருந்தாலும் இதே வழக்கமாக இருக்கிறது, என்ன சொல்வது.

இன்னொரு கதை. இதைப் படித்தபின் எங்களுக்கு ரெண்டு நாள் சரியாகத் தூக்கம் இல்லை. 2010-ம் வருஷம். ஷென்ஜெனில் ஃபாக்ஸ்கான் என்ற தைவான் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை. ஒரு ஊர் மாதிரி லட்சக்கணக்கான பேர் வேலை செய்கிற இடம். அந்த வருஷம் அந்தக் கம்பெனியில் ஒரு டஜனுக்கும் மேலான இளம் தொழிலாளர்கள் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள். முயன்று பிழைத்தவர்களில் ஒருத்திக்கு வயசு 17. கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்த பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமும் சில நாட்களும்தான் ஆகியிருந்தது. முதல் சம்பளம் வர வேண்டிய வங்கி அட்டை அவளுக்கு வந்து சேரவில்லை. அந்த ஆலையில் கேட்டால் இந்த ஆலை என்றார்கள், இங்கே கேட்டால் அந்த ஜன்னலுக்குப் போ என்றார்கள். ஒரு நாள் முழுக்க அலைந்தாள். கையில் காசு தீர்ந்தது. செல்போன் ரிப்பேர், வீட்டுக்குப் பேச முடியவில்லை. அறையில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் வேறு வேறு ஷிப்ட், வேறு வேறு ஊர்ப் பேச்சு, ஒருத்தி பேர் ஒருத்திக்குத் தெரியாது.

அந்தப் பெண் பிழைத்தாள். ஆனால் இடுப்புக்குக் கீழே செயல் இல்லை. ஊருக்குத் திரும்பிக் கையால் செருப்பு செய்து விற்றாள். கம்பெனி கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது, சம்பளத்தையும் உயர்த்தியது. மாத அடிப்படைச் சம்பளம் 900 யுவானாக இருந்ததை 1,200 ஆக்கினார்கள்.

சகோதரிகளே, அவளை உடைத்தது பெரிய கொடுமை எதுவும் இல்லை, அதைக் கவனியுங்கள். ஒரு அட்டை வரவில்லை. ஒரு போன் வேலை செய்யவில்லை. "என்னம்மா ஆச்சு, சாப்பிட்டியா?" என்று கேட்க ஒரு ஆள் இல்லை. மூன்றும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டது. இதில் மூன்றாவது மட்டும் இருந்திருந்தால் முதல் ரெண்டையும் தாங்கியிருப்பாள் என்பது எங்கள் எண்ணம்.

சரி, கொஞ்சம் மனசு லேசாக வேற ஒன்று சொல்கிறோம். அன்றைக்கு ரயில் ஏறிய அந்தத் தங்கச்சிகளுக்கு இப்போது ஐம்பது வயசு ஆகிறது. அவர்கள் வயசுப் பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சாயங்காலம் ஆனால் சீனாவின் ஊர்தோறும் பொது மைதானத்தில் ஒலிபெருக்கி வைத்து, வரிசை கட்டி நின்று ஆடுகிறார்கள்! பேரனைப் பார்த்துக்கொண்டு, சமையலை முடித்துவிட்டு வந்து, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஆட்டம். சத்தம் தாங்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவதும் உண்டு. நம் கும்மி மாதிரிதான். நாம் கும்மியைப் பொங்கலுக்கும் அரசு விழாவுக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம், அவர்கள் தினமும் ஆடுகிறார்கள்.

ஊருக்குத் திரும்பி ஜெயித்தவர்களும் உண்டு. லீ ஸீச்சீ என்று ஒரு பெண், சிச்சுவான் மாகாணத்துக் கிராமம். சின்ன வயசிலேயே பட்டணத்துக்குப் போய் ஓட்டலில் பரிமாறுவது உட்படக் கிடைத்த வேலை எல்லாம் பார்த்தவர். 2012 வாக்கில், தன்னை வளர்த்த பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே வந்துவிட்டார். தோட்டத்தில் காய் பறிப்பது, ஊறுகாய் போடுவது, துணிக்குச் சாயம் ஏற்றுவது என்று நாம் தினம் செய்கிற வேலையையே வீடியோவாக எடுத்துப் போட்டார். உலகம் முழுக்கக் கோடிக்கு மேற்பட்ட பேர் பார்க்கிறார்கள், சீன மொழி யூடியூப் சேனலில் அதிகச் சந்தாதாரர் என்று கின்னஸ் புத்தகத்திலும் இடம் பிடித்தார். அவரோடு கூட்டாளியாக இருந்த கம்பெனியோடு வழக்காகி 2021-லிருந்து மூன்று வருஷம் வீடியோ போடாமல் இருந்து, 2024 நவம்பரில்தான் திரும்பி வந்தார். கூட்டு சேரும்போது பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று நம் தணிக்கையாளர் சொல்வது சும்மா இல்லை. அந்த ஊர் விவசாயிகளும் ஆரஞ்சுத் தோட்டத்தில் நின்றபடியே செல்போனில் நேரலையாகப் பேசிப் பழத்தை விற்கிறார்கள். நம் ஊறுகாய், அப்பளம், நாப்கின் விற்கிற குழுக்கள் இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

இப்போது அந்தத் தொழிற்சாலை ஏன் நம் ரோட்டுக்கு வந்தது என்று பார்ப்போம். சீனாவில் கூலி ஏறிவிட்டது. 1980-லிருந்து 2015 வரை ஒரு குழந்தைச் சட்டம் இருந்ததால் இளம் கைகள் குறைந்துவிட்டன. இருக்கிற இளசுகளுக்கும் லைன் வேலை வேண்டாம். காலை ஒன்பது முதல் ராத்திரி ஒன்பது வரை, வாரம் ஆறு நாள் வேலை என்பதற்கு அங்கே '996' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2021-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொன்னது. அதே வருஷம் இளைஞர்கள் மத்தியில் ஒரு பேச்சு பரவியது: "எதுக்கு இந்த ஓட்டம், பேசாம படுத்துக்கலாம்." சும்மா விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே பதவி, வீடு, கல்யாணம் எதுவும் வேண்டாம் என்று ஒதுங்குகிறார்கள். குழந்தை பெற்றுக்கொள்ளவும் ஆள் இல்லை. ஒரு குழந்தைக்கு மேல் கூடாது என்று அபராதம் போட்ட அதே அரசாங்கம், இப்போது மூன்று வயசு வரை குழந்தைக்கு வருஷம் 3,600 யுவான் தருகிறோம் என்று 2025-ல் அறிவித்தது. நம் திருப்புட்குழி மரகதவல்லித் தாயார் சந்நிதியில் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு, முளைக்குமா முளைக்குமா என்று காத்திருக்கும் பெண்கள் கதையை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்!

அதற்கு மேல் கொரோனா. 2022-ல் செங்சோ என்ற ஊரில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து தொற்றுக்கும் அடைப்புக்கும் பயந்து தொழிலாளர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தே ஊருக்குப் போனார்கள். 2020-ல் நம் ஊர் ரோடுகளில் வடநாட்டுத் தொழிலாளர்கள் நடந்ததை நாம் கண்ணால் பார்த்தோமே, அதே காட்சி. ஒரே நாட்டை நம்பி இருக்கக்கூடாது என்று கம்பெனிகள் வேறு இடம் தேடின. சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் ஆலையின் வேகம் அப்படித்தான் கூடியது.

நமக்கும் இது முதல் தடவை இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா செல்போன் கம்பெனி வந்தது. நம் பகுதிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். 2014 நவம்பர் 1-ம் தேதி கதவை மூடிவிட்டார்கள். அதில் வேலை பார்த்தவர்கள் இன்றைக்கு நம் குழுக்களில் உறுப்பினர்களாகவே இருக்கிறீர்கள். "அந்த எட்டு வருஷம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல வருஷம்" என்று ஒரு சகோதரி எங்களிடம் சொன்னார். மூடியபோது அழுததையும் அவரே சொன்னார்.

2021 டிசம்பரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உடன் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் பதில் சொல்லவில்லை. ரெண்டு பேர் செத்துட்டாங்களாம் என்று வதந்தி கிளம்பியது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் வந்து சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சாகவில்லை என்று பிறகு தெரிந்தது. தரையில் படுக்கை, தண்ணீர் இல்லாத கழிப்பறை எல்லாம் அப்போதுதான் பேப்பரில் வந்தது. விடுதி சில தரத்தில் இல்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஆலை மூடி, 2022 ஜனவரி 12-ல்தான் திரும்பத் திறந்தது. ஷென்ஜென் பெண்ணின் கதையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் வதந்திதான் பதில் சொல்லும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு, அதைப் பெருமையாகச் சொல்ல வேண்டும். நம்ம பொண்ணுங்க ஒன்றாகச் சேர்ந்து ரோட்டுக்கு வந்தாங்க. அதன் பிறகு விடுதி விஷயத்தை அரசாங்கமும் கையில் எடுத்தது. 2024 ஆகஸ்ட் 17-ல் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதியை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்தார். 706 கோடியே 50 லட்சம் ரூபாய், 18,720 பெண்கள் தங்கலாம். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். சீனாவில் அரசு சொல்லும் ஒரே தொழிற்சங்கம்தான், தொழிலாளர்கள் தாங்களாக வேறு சங்கம் வைக்க முடியாது. இங்கே வாய் திறக்க இடம் இருக்கிறது. இருக்கிற இடத்தை நாம் விட்டுவிடக் கூடாது.

கல்யாண விஷயம் ஒன்று பாக்கி. சுங்குவார்சத்திரம் ஆலையில் கல்யாணம் ஆன பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. அப்படிப் பாகுபாடு எதுவும் இல்லை என்று கம்பெனி மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. எந்தக் கம்பெனி என்பது இருக்கட்டும். "உன் பேச்சு, உன் மெட்டி, உன் வயித்துல பிள்ளை" என்று பார்த்து வேலை தருகிறவர்களை நாம் கேள்வி கேட்காமல் விட்டால், இருபத்தைந்து வயசில் நம் பெண் வீட்டுக்குத் திரும்பும்போது கையில் என்ன இருக்கும் என்று யோசிக்க வேண்டும். அவள் பெயரில் பி.எஃப். இருக்க வேண்டும், வங்கியில் அவளுடைய சேமிப்பு இருக்க வேண்டும். சம்பளம் முழுவதையும் அண்ணன் பைக்குக்குத் தவணை கட்டினால் எதுவும் இருக்காது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

நம் பகுதியில் நடந்ததையும் சொல்கிறோம், கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு குழு உறுப்பினரின் மகள் இரண்டு வருஷம் வேலை செய்து நின்றுவிட்டாள். பி.எஃப். பணத்தைக் கேட்கப் போனால், "நீ கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்ட் ஆள், அவங்களைக் கேள்" என்றார்கள். எந்தக் கான்ட்ராக்டர் என்று அவளுக்குத் தெரியவில்லை. சம்பளச் சீட்டு ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. பஸ் வரும், ஏறுவாள், மாதம் பிறந்தால் பணம் வரும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. பழைய பேங்க் பாஸ்புக்கில் பணம் போட்டவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு மாதம் ஆனது. நம் அம்மாக்கள் பத்து ரூபாய்ச் சந்தாவுக்கும் ரசீது கேட்கிறோம், மகள் சம்பளத்துக்குச் சீட்டு கேட்கவில்லை.

இதையெல்லாம் பேசிய பிறகு அந்த அம்மாவுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான். பொண்ணு போகணும்னா போகட்டும். ஆனால் பஸ் ஏறும் முன் நாலு விஷயம் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சேரும் உத்தரவு யார் பெயரில் வருகிறது, கம்பெனியா கான்ட்ராக்டரா? பி.எஃப். எண் எது? அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் இவள் பங்கு, அதே அளவு அவர்கள் பங்கும் கட்டணும். ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு, நூறு ரூபாய்க்கு 75 காசுதான் பிடிப்பார்கள், அவளைச் சார்ந்து இருக்கும் பெற்றோருக்கும் அதில் வைத்தியம் பார்க்கலாம். நாலாவது, விடுதியின் முகவரி, வார்டன் பெயர், போன் எண். இந்த நாலாவதைக் கேட்டால்தான் ஆள் எடுக்க வந்தவர்கள் முகம் மாறுகிறது. அதனால்தான் அதை அவசியம் கேட்கச் சொல்கிறோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பெண்களின் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அதில் யார் உறுப்பினர் என்று பொண்ணு போன முதல் வாரமே தெரிந்துகொள்ளட்டும். 181 பெண்கள் உதவி எண், அதையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். போன் ரிப்பேர் ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் போனில் அடிக்கலாம்.

கூட்டத்தில் இதை ஒட்டி ஒரு தீர்மானம் போட்டோம். ஒவ்வொரு குழுவின் ஊக்குநரும், தங்கள் உறுப்பினர் வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போயிருக்கும் பெண்களின் விவரத்தை ஒரு தனி நோட்டில் எழுத வேண்டும். பெயர், கம்பெனி, கான்ட்ராக்டர், விடுதி, அறையில் கூட இருக்கும் ஒருத்தியின் போன் எண். அந்தக் கடைசி எண்தான் முக்கியம். வாரச் சேமிப்பு கட்டும் நாளில் அவர்களில் யாருக்காவது ஒருத்தருக்குக் கூட்டத்திலிருந்தே போன் போட்டு எல்லோரும் பேச வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டமைப்பிலிருந்து நாலு பேர் விடுதிக்கு நேரில் போய்ப் பார்ப்பது என்றும் முடிவாகியிருக்கிறது. உள்ளே விட மாட்டார்களே என்று ஒருவர் கேட்டார். விடவில்லை என்றால் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கொண்டுபோன முறுக்கைக் கொடுத்துவிட்டு வருவோம். விடவில்லை என்பதும் நோட்டில் எழுத வேண்டிய விஷயம்தானே.

அந்தப் பொண்ணு போன திங்கட்கிழமை சேர்ந்துவிட்டாள். நோட்டில் முதல் பெயர் அவளுடையது. சேரும் உத்தரவின் நகலை அவங்க அப்பாவே ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வார்டன் போன் எண் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி தணிக்கை. போன மாத வசூலில் மூன்று குழுக்கள் பாக்கி, அவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும்.